மூன்று ஜோடி ஸ்னாப் கேப், இரண்டு துப்பாக்கி, ஒரு மழைக்காலம்

ஷாட்கன் வைத்திருப்பவர்களிடம் ஸ்னாப் கேப் எதற்கு என்று கேட்டால் இரண்டு காரணங்களைச் சொல்வார்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியில் விசையை இழுத்துப் பழகும்போது, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் ஒடியாமல் காக்கும் என்பது ஒன்று. துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டும்போது அந்தப் பின்னை அடிக்கும் ஹேமர்களின் ஸ்பிரிங்குகளைத் தளர்ந்த நிலையில் வைக்க உதவும் என்பது மற்றொன்று. 2023 ஆகஸ்டு முதல் மூன்று ஜோடிகளை வாங்கி, இரண்டு துப்பாக்கிகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் காரணத்தை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவதை, கடற்கரை ஊர்களில் வசிப்பவர்களுக்காவது, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருளைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஸ்னாப் கேப் என்பது தோட்டாவின் அளவிலும் வடிவிலும் செய்யப்பட்ட, வெடிமருந்தோ, ரவை எனும் சிறு குண்டுகளோ இல்லாத போலித் தோட்டா. உண்மைத் தோட்டாவில், குத்துப்பட்டதும் பற்றி மருந்தைக் கொளுத்தும் ப்ரைமர் இருக்கும் இடத்தில் இதில் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் பித்தளைப் பொத்தான் இருக்கும், அல்லது ரப்பரைப் போல அமுங்கி எழும் ஒரு பொருள் பதிக்கப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் வந்து குத்தும் அடியை அது வாங்கிக்கொள்ளும், வேலை அவ்வளவுதான். ஒரே அமைப்பு பல பெயர்களில் விற்கப்படுவதால், நான் கீழே பிராண்டுகளைச் சொல்லாமல் வகைகளையே பேசுகிறேன்.

என்னிடம் இருப்பவை இரண்டு 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) துப்பாக்கிகள்; 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமத்தில் வைத்திருக்கக்கூடிய உச்ச எண்ணிக்கையும் அதுவே. ஒன்று, பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்காக வாங்கிய, குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த இத்தாலியத் துப்பாக்கி. சுருள் ஸ்பிரிங்குகள், குழலின் உட்புறத்திலும், தோட்டா உட்காரும் சேம்பரிலும் குரோமியப் பூச்சு. மற்றொன்று, வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் தாத்தா வாங்கி, அப்பா வழியாக என் உரிமத்துக்கு வந்த, குழல்கள் பக்கத்தில் பக்கமாக அமைந்த பர்மிங்காம் துப்பாக்கி. 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சனும் டீலியும் வகுத்த, ஹேமர்கள் உடற்பகுதிக்குள்ளேயே மறைந்திருக்கும் பாக்ஸ்லாக் அமைப்பு அதனுடையது. உள்ளே இருப்பவை, மடித்த எஃகுப் பட்டையைப் போன்ற பழைய வி-வடிவ ஸ்பிரிங்குகள். சேம்பரில் பூச்சு எதுவும் கிடையாது.

இந்தப் பழைய துப்பாக்கிதான் எங்கள் வீட்டில் ஸ்னாப் கேப்பின் தேவையைக் கற்றுக்கொடுத்தது. என் பள்ளி நாள்களில் ஒரு கோடை விடுமுறையில் பெரியப்பா மகன் அதை எடுத்து, தோட்டா இல்லைதானே என்ற தைரியத்தில், ஒரு பிற்பகல் முழுவதும் மூடித் திறந்து விசையை இழுத்துக்கொண்டே இருந்தான். அடுத்த முறை அப்பா தோட்டா போட்டு இழுத்தபோது இடது குழலில் தோட்டா வெடிக்கவில்லை. துப்பாக்கி பழுது பார்ப்பவர் தோளில் பதியும் கட்டையைக் கழற்றி, உள்ளிருந்து எடுத்த எள்ளளவு எஃகுத் துண்டைத் தீப்பெட்டியில் போட்டு அப்பாவிடம் கொடுத்தார். இந்த வகை பாக்ஸ்லாக்கில் பின் தனி உறுப்பு அல்ல. ஹேமரின் மூக்கே பின்னாக நீண்டிருக்கும். முனை ஒடிந்தால் கடையில் புதுப் பின் வாங்கிப் போட முடியாது. ஹேமரையே கழற்றி, மூக்கைப் புதிதாக அமைத்து, நீளம் பார்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நாள்கள் நாற்பத்தைந்து.

காரணம் எளியது. தோட்டா உள்ளே இருக்கும்போது பின் மென்மையான ப்ரைமரில் குழி விழுத்தி, அதிலேயே தன் வேகத்தைச் செலவழித்து நின்றுவிடுகிறது. சேம்பர் வெறுமையாக இருந்தால் அந்த வேகத்தை ஏந்த எதுவும் இல்லை. ஹேமரோ பின்னோ உடற்பகுதியின் உள்விளிம்பில் எஃகோடு எஃகாக மோதித்தான் நிற்க வேண்டும். இன்றைய துப்பாக்கிகளில் நல்ல உலோகமும் பின்னை இழுத்துப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங்கும் இருப்பதால் பத்து இருபது வெற்று இழுப்புகளால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பயிற்சி என்று உட்கார்ந்தால் கணக்கு பத்து இருபதில் நிற்பதில்லை.

டிராப் ஆடுபவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். சர்வதேசப் போட்டியின் தகுதிச் சுற்றில் 25 தட்டுகள் வீதம் ஐந்து சுற்றுகளாக 125 தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை சுடலாம். ஒவ்வொரு தோட்டாவிலும் 24 கிராம் ரவை. நாள்தோறும் மைதானத்துக்குப் போய் இதை ஆடிப் பழகும் வசதி தமிழ்நாட்டில் மிகச் சிலருக்கே உண்டு. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித் தங்கம் வென்று, அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்ட பிறகு, இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வரும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள்; தோட்டாவின் விலையைக் கேட்டதும் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். மீதிப் பேருக்கு வீட்டுப் பயிற்சிதான் வழி. சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் குழல்முனை வழுகாமல் ஓடும்படி துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, ஓட்டம் நிற்காமலேயே விசையை இழுக்கும் பயிற்சியை நான் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு நாற்பது முறை செய்கிறேன். மாதத்துக்கு எண்ணூறு இழுப்பு ஆகிறது. இவ்வளவையும் வெறும் சேம்பரில் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வாங்கியது மலிவான பிளாஸ்டிக் ஜோடி. நிறம் சிவப்பு, நடுவில் ஸ்பிரிங் வைத்த சிறு பொத்தான். ஆறு வாரத்தில் ஒன்றின் விளிம்பில், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் தட்டும் இடத்தில், பிறை வடிவத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதைவிட மோசமான குறை கண்ணுக்குத் தெரியாதது. 12 போர் தோட்டாவின் விளிம்பு ஏறத்தாழ 1.85 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இதன் விளிம்பு அதைவிட மெல்லியதாக இருந்ததால், கேப் தேவையான அளவைவிட முன்னே தள்ளி உட்கார்ந்தது. அதை நான் கண்டுபிடித்த விதம் எளியது: பொத்தானின் மேல் என் மனைவியின் கண்மையை மெல்லிதாகத் தொட்டு வைத்து, தாத்தாவின் துப்பாக்கியை மூடி, விசையை இழுத்து, திறந்து பார்த்தேன். வலது குழலில் மையின் நடுவே கடுகளவு புள்ளி துலக்கமாகத் தெரிந்தது. இடது குழலில் மை கலையவே இல்லை. அதாவது பின் பொத்தானைத் தொடவே இல்லை; ஆறு வாரமாக இடது பக்கத்தில் நான் செய்துகொண்டிருந்தது வெற்று இழுப்புதான். எந்த ஸ்னாப் கேப் வாங்கினாலும் முதல் நாளே இந்தக் கண்மைச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது ஜோடி கட்டியான அலுமினியத்தில் கடைந்து, மேலே ஆனோடைஸ் செய்து, ப்ரைமர் இடத்தில் ரப்பரைப் போன்ற பொருளைப் பதித்தது. அளவு துல்லியம், இரு குழல்களிலும் மை ஒரே மாதிரி கலைந்தது. ஸ்பிரிங் இல்லாததால் கெடுவதற்கும் உள்ளே எதுவும் இல்லை. சுமார் ஐயாயிரம் இழுப்புக்குப் பிறகு நடுவில் அம்மை வடுவைப் போல ஒரு குழி விழுந்திருக்கிறது. பின் இறங்கும் ஆழம் அந்த அளவுக்குக் கூடியிருக்கும் என்பதால், இன்னும் சில மாதங்களில் இதற்கு ஓய்வு கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது, நிக்கல் பூசிய பித்தளை ஜோடி. இங்கிலாந்தில் பழைய துப்பாக்கிகளோடு பெட்டியில் வைத்துக் கொடுக்கும் அதே மரபுவகை. வலுவான ஸ்பிரிங்கின் மேல் பித்தளைப் பொத்தான் நிற்கிறது. விசையை இழுத்தால் மற்ற இரண்டிலும் வரும் வறண்ட ஓசை வராமல், கதவு மெல்லச் சாத்தப்படுவதைப் போன்ற அடங்கிய ஒலி வருகிறது. மூன்றில் விலை கூடியது இது. மூன்றில் நான் மறுபடியும் வாங்குவேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியதும் இதுதான். பொத்தான் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

பயன்படுத்தும்போது தெரியவந்த இரண்டு நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். எஜெக்டர் உள்ள துப்பாக்கியில் ஹேமர் விழுந்த பிறகு திறந்தால், அது சுட்ட தோட்டா என்றே துப்பாக்கி கருதும். கேப்பைத் தோளுக்கு மேலே தூக்கி எறியும். முதல் நாள் அலுமினிய கேப் ஒன்று மொசைக் தரையில் விழுந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. விளிம்பில் விழுந்த நசுங்கல் இன்றும் இருக்கிறது. அதன் பிறகு, திறக்கும்போது உள்ளங்கையை மேலே கவித்துப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். இதில் ஒரு நன்மையும் உண்டு: மெத்தைக்கு எதிரே நின்று திறந்தால் இரண்டு கேப்களும் ஒரே நேரத்தில் எழும்பி அருகருகே விழ வேண்டும், ஒன்று பிந்தினால் அந்தப் பக்கத்து எஜெக்டரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். இரண்டாவது செய்தி, ஒற்றை விசை கொண்ட பல துப்பாக்கிகளில் முதல் வெடியின் உதைதான் விசையை இரண்டாவது குழலுக்கு மாற்றுகிறது என்பது. ஸ்னாப் கேப்பில் உதை ஏது? கட்டையின் ரப்பர் முனையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் அடுத்த விசை விழும். துப்பாக்கி பழுது என்று எண்ணி ஓடிப்போய்க் கடைக்காரரிடம் காட்டியவர்களை நான் அறிவேன்; அவர்களில் ஒருவன் நானே.

இனி, பூட்டி வைக்கும் விஷயம். பழைய துப்பாக்கியின் வி-ஸ்பிரிங்குகளை மாதக்கணக்கில் இறுக்கத்தில் வைக்கக் கூடாது என்று தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதனால் பித்தளை ஜோடியைப் போட்டு, இரண்டு விசைகளையும் இழுத்து, ஸ்பிரிங்குகள் தளர்ந்த நிலையில் துப்பாக்கியைப் பீரோவில் வைத்தேன். இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். வெளியே ஹேமர் தெரியாத இந்த வகைத் துப்பாக்கிகளில் குழலை மடித்துத் திறக்கும் செயலே ஹேமர்களை மறுபடியும் ஏற்றிவிடும். ஆகவே விசையை இழுத்துவிட்டு, கேப்பை வெளியே எடுத்துவிட்டு, வெறும் துப்பாக்கியாக மூடி வைப்பது என்பது இயலாது. எடுக்கத் திறந்தால் ஸ்பிரிங் மீண்டும் இறுகிவிடும். ஸ்பிரிங்குக்கு ஓய்வு வேண்டுமானால் கேப் உள்ளேயே கிடக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில். மாடி வீடு என்பதால் தண்ணீர் உள்ளே வரவில்லை, ஆனால் மின்சாரம் நான்கு நாள் இல்லை, சுவரெல்லாம் வியர்த்துக்கிடந்தது. ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் துப்பாக்கியை எடுத்துத் திறந்தபோது, வலது கேப் எளிதில் வரவில்லை. விரல் நகத்தால் நெம்பி எடுத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், சேம்பரின் வாயை ஒட்டி, கேப்பின் உடல் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும், மோதிரம் போலச் செம்பழுப்புத் துரு. அதற்கு அப்பால், காற்று புழங்கிய குழலின் மற்ற பகுதியில் ஒரு புள்ளிகூட இல்லை. எண்ணெயும் பித்தளைக் கம்பித் தூரிகையும் கொண்டு தேய்த்ததில் துரு போய்விட்டது. அது இருந்த இடத்தில் நிழல் போன்ற கறை இன்னும் இருக்கிறது.

கேப்பைக் குறை சொல்ல இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. குழலின் பின்வாயை இறுக மூடிவிட்டால் கேப்புக்கும் சுவருக்கும் இடையிலான மயிரிழை இடைவெளியில் புகுந்த ஈரம் வெளியேற வழி இல்லை. போதாக்குறைக்கு, உப்பு கலந்த ஈரத்தில் பித்தளையும் எஃகும் ஒட்டிக் கிடந்தால் எஃகுதான் முதலில் அரிக்கும். நிக்கல் பூச்சு விளிம்பில் தேய்ந்திருந்த இடத்தில் அதுதான் நடந்திருக்கிறது. அலுமினியமாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகி அலுமினியம் முதலில் அரிக்கும் என்றாலும், அடைத்துக்கொண்ட ஈரம் அடைத்துக்கொண்டதுதான். இங்கிலாந்தில் சொல்லப்படும் அறிவுரையைச் சென்னைப் பீரோவுக்கு அப்படியே கொண்டுவந்தது என் பிழை.

சரி, ஸ்பிரிங்? அதற்கான விடையை அடுத்த தேர்தல் தந்தது. 2024 மார்ச் 16-இல் மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும், வழக்கம்போல உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். போட்டித் துப்பாக்கிக்கு விலக்கு கிடைத்தது. தாத்தாவின் துப்பாக்கிக்குக் கிடைக்கவில்லை. ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தேன். பெற்றுக்கொள்பவர் குழலைத் திறந்து, சேம்பர் காலி என்று பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் ரசீது தருவார். கேப்போடு விட்டுவர வழியே இல்லை. ஆக, ஹேமர்கள் ஏறிய நிலையிலேயே, முடிவுகள் வந்த ஜூன் மாதம் வரை, ஏறத்தாழ எண்பது நாள் அது அங்கே கிடந்தது. திரும்ப வாங்கி வந்து சுட்டதில் இரண்டு குழல்களிலும் தோட்டா முதல் இழுப்பிலேயே வெடித்தது. சுட்ட தோட்டாக்களின் ப்ரைமரில் விழுந்த குழியைப் பழைய தோட்டாக்களின் குழியோடு வைத்துப் பார்த்தேன், வேறுபாடு தெரியவில்லை. ஒரு துப்பாக்கியின் அனுபவத்தை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். ஆயினும் ஒழுங்காகப் பதப்படுத்தப்பட்ட ஸ்பிரிங், தன் வரம்புக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருப்பதால் மட்டும் சோர்ந்துவிடுவதில்லை. திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்வதால்தான் களைத்து ஒடிகிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் பெயரைத் தாங்கிய பெராஸி எம்எக்ஸ்8 துப்பாக்கியின், ஹேமரும் ஸ்பிரிங்கும் அடங்கிய விசைத்தொகுதியைக் கையோடு கழற்றி மாற்றும்படி அமைத்திருப்பதும், அதை வைத்திருக்கும் வீரர்கள் உபரித் தொகுதி ஒன்றைப் பையில் வைத்திருப்பதும், பட்டை ஸ்பிரிங் ஆடுகளத்தில்தான் ஒடியும் என்பது தெரிந்ததால். சுருள் ஸ்பிரிங் கொண்ட புதிய துப்பாக்கிக்கு இந்தக் கவலை அறவே வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். பீரோவில் கிடந்த துப்பாக்கியைத் திறந்ததும் இரண்டு உலோகத் தலைகள் தெரிந்தால், அவை போலியா உண்மையா என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டால் "அது கேப்தான்" என்று கண் தானாக முடிவு கட்டிவிடும். சேம்பரில் எதையும் விட்டுவைக்க நான் விரும்பாததற்குத் துருவைவிட இதுவே பெரிய காரணம். நான் வாங்கிய பிளாஸ்டிக் ஜோடியின் சிவப்பு, என் டிராப் தோட்டாக்களின் சிவப்பேதான். அப்படி ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் துப்பாக்கியைக் கையில் எடுத்தவராக இருக்க மாட்டார். பித்தளை ஜோடியின் தலையில் பச்சை எனாமல் பெயிண்டால் வளையம் போட்டிருக்கிறேன். 20 போர் துப்பாக்கியும் வைத்திருப்பவர்கள் அதன் கேப்களை 12 போர் பக்கமே கொண்டுவரக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் சேம்பருக்குள் வழுகிப் போய் முன்னே சிக்கிக்கொள்ளும், பின்னால் வேறொரு தோட்டா போடவும் இடம் இருக்கும். குழலே வெடித்துச் சிதறுவதற்கு அது போதும். உண்மைத் தோட்டாக்களைப் பயிற்சி அறையில் வைக்காதீர்கள். விமானத்தில் போவதானால் கேப்பைக் கைப்பையில் வைக்காதீர்கள். பக்கப் பையில் மறந்துபோன ஒற்றைக் கேப்பை விளக்கிச் சொல்ல எனக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் ஆனது, தவறு முழுக்க என்னுடையது.

சுட்ட தோட்டாவையே கேப்பாகப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். அதன் ப்ரைமரில் ஏற்கெனவே குழி விழுந்துவிட்டதால் பின்னுக்கு அங்கே மெத்தை கிடையாது. சுட்ட ப்ரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, அந்தத் துளையில் பென்சில் அழிரப்பரை வெட்டித் திணித்தால் இரண்டு மூன்று வாரம் ஓடும். நானும் கல்லூரி நாள்களில் அதைத்தான் செய்தேன். செய்பவர்கள் வெற்று ஓட்டில் குறுக்கே ஒரு பெரிய துளையும் போட்டுவிடுங்கள், எட்ட நின்று பார்த்தாலே போலி என்று தெரியட்டும்.

இப்போது போட்டித் துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றி, ஹேமர் ஏறிய நிலையிலேயே, சேம்பர் காற்றாட வைக்கிறேன். கழற்றிய பிறகு விசையை இழுத்துவிடக் கூடாது. ஹேமர் விழுந்துவிட்டால் குழலை மறுபடி பொருத்துவது பெரும்பாடு. தாத்தாவின் துப்பாக்கியும் அப்படியே, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடும் இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துத் துடைக்கிறேன். பித்தளைக் கேப்கள் மேசை இழுப்பறையில் பழைய குங்குமச் சிமிழ்ப் பெட்டி ஒன்றில் இருக்கின்றன; காலை ஆறு மணிக்கு எடுத்தால் ஆறரைக்கு மறுபடியும் அதற்குள் போய்விடும்.